முதலாண்டு மாணவருக்கு உலகப் பண்பாடுகளை எந்த வழியில் கற்பிப்பது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் நான் கற்பிக்கும் சிறிய கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் அனைவரும் ‘உலகப் பண்பாடுகள்’ என்ற அறிமுகப் பாடத்தைப் படித்தாக வேண்டும். 14 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம். விடுமுறை எதுவும் குறுக்கிடாவிட்டால் மொத்தம் 42 மணி நேரம். அடுத்த சேர்க்கைக்குள் இதன் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டிய நிலையில், ஆசிரியர்களாகிய எங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மெசொப்பொத்தாமியாவில் தொடங்கி இன்றுவரை நாகரிகங்களைக் காலவரிசையில் பார்த்துக்கொண்டு போவது ஒன்று. பிறப்பு, உறவு, உணவு, வழிபாடு, சாவு என்று வாழ்க்கைக் கூறு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது பல பண்பாடுகளில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவது இன்னொன்று. மூன்றே மூன்று பண்பாடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் நான்கு வாரம் தங்கிப் படிப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் வெவ்வேறு ஆண்டுகளில் முழுப் பருவமும் நடத்தியிருக்கிறேன். மூன்றாவதை ஒரு பருவத்தின் கடைசி நான்கு வாரங்களில் சோதித்துப் பார்த்தேன். என் மனம் மூன்றாவதன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் சில இழப்புகள் உண்டு; அவற்றை எல்லாக் கல்லூரிகளாலும் தாங்கிக்கொள்ள முடியாது.

எங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் யார் என்று சொன்னால்தான் ஒப்பீடு பொருள்படும். பலர் தோட்டத்து வீடுகளிலிருந்தோ, பெற்றோர் காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறி வந்து சேர்ந்த தாமான் என்னும் குடியிருப்புகளிலிருந்தோ வருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களோடு மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊரைச் சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இடையிடையே மிஞ்சியிருக்கும் பால்மரக் காடு, அதாவது இரப்பர்த் தோட்டம். தோட்ட வேலையில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். ஆக, வேற்றுப் பண்பாடு என்பது எங்கள் மாணவருக்குத் தொலைவில் இருக்கும் ஒன்றல்ல. காலையில் பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பது. இடைநிலைப் பள்ளி வரலாற்றில் மெசொப்பொத்தாமியா, எகிப்து, சிந்து, ஹுவாங் ஹோ என்ற நான்கையும் ஏற்கெனவே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். எனவே, பாடம் முடிந்த பிறகு அவர்களிடம் என்ன மிஞ்ச வேண்டும் என்பதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தனக்குப் பழக்கமில்லாத ஒரு வழக்கத்தை, அந்த வழக்கத்துக்கு உரியவர் கேட்டாலும் ‘ஆமாம், இப்படித்தான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு மாணவரால் விளக்கிச் சொல்ல முடிகிறதா?

காலவரிசைப் பாடத்துக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. அசோகரையும் இராசேந்திர சோழனையும் அடுத்தடுத்த தலைமுறையினராக எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்கு, இருவருக்கும் இடையே 1,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது என்பது ஒரு பெரிய திறப்பு. எது முந்தியது, எது எதன்மேல் கட்டப்பட்டது என்ற உணர்வு இல்லாமல் பண்பாடுகளைப் பற்றிப் பேசினால் பேச்சு வெறும் துணுக்குத் தோரணமாகிவிடும். பாடநூல்கள் எளிதில் கிடைக்கின்றன. ஆசிரியர் மாறினாலும் திட்டம் மாறாது. வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு போகும் மாணவருக்கு மதிப்பெண் கணக்கில் சிக்கலும் வராது.

ஆனால் வேகம் எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. சீனாவின் மூவாயிரம் ஆண்டு எழுத்து வரலாற்றுக்கு 3 மணி நேரம் ஒதுக்கினால், சொல்ல முடிவது அரச வம்சங்களின் பெயர் மட்டுமே. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம் பொறித்த கருங்கல் தூண் பாபிலோனில் கிடைக்கவில்லை. 1901-இல் ஈரானின் சூசா நகரில் தோண்டி எடுக்கப்பட்டது. போரில் வென்ற ஓர் அரசன் அதைக் கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் சென்றிருந்தான். இன்று அது பாரிசில் இருக்கிறது. ஒரு கல் மூன்று நாடு சுற்றிய அந்தக் கதையிலிருந்தே சட்டம், வெற்றி, உரிமை, அருங்காட்சியகம் என்று எத்தனையோ பேசலாம். நான் அந்தப் பருவத்தில் அதற்குக் கொடுத்தது பத்து நிமிடம். பருவத் தேர்வில் எகிப்தைப் பற்றி மாணவர்கள் எழுதிய விடைகளைத் திருத்தும்போது, நைல் நதி, பிரமிடு, பதப்படுத்திய உடல் என்று பள்ளியில் படித்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூடியிருக்கவில்லை என்பதைக் கண்டேன். அது மாணவர்களின் குற்றம் அன்று. நான் கூட்டவில்லை.

இந்த வழியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது, அது ஆழமானது. காலவரிசைப் பாடம் எழுத்தும் அரசும் பெருங்கட்டடமும் உள்ள சமூகங்களைத்தான் நிறுத்தங்களாக வைத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்கா எகிப்தோடு முடிந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ‘பெரிய சிம்பாப்வே’ என்ற கல்நகரம், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய உயர்ந்த மதில்களைக் கொண்டது. 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஆனால் குடியேறிய வெள்ளையர் ஆட்சியில், பினீசியர் கட்டியது, அரபியர் கட்டியது என்றெல்லாம் சொல்லி, அந்த மண்ணின் மக்களால் இதைக் கட்டியிருக்க முடியாது என்று நெடுங்காலம் சாதித்தார்கள். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் என்ற அகழாய்வாளர் அகழ்ந்து பார்த்து, அது ஆப்பிரிக்கர்களின் ஆக்கமே என்று உறுதிப்படுத்திய பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய மெர்போக்கில் இருக்கிறது. ஜெராய் மலையடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், புக்கிட் பத்து பகாட் என்ற கோயிலின் அடித்தளத்தைத் திருத்தி நிறுவி வைத்திருக்கிறார்கள். 1930-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் குவாரிச் வேல்ஸ் தம் மனைவியோடு இங்கே அகழ்ந்தபோது, இந்தியாவிலிருந்து அலையலையாக வந்த குடியேறிகளின் வேலையாகவே இவற்றை அவர் பார்த்தார். பின்னால் வந்த ஆய்வுகள் படத்தை மாற்றிவிட்டன. அருகில் சுங்கை பத்துவில் 2007-க்குப் பிறகு வெளிப்பட்ட இரும்பு உருக்குத் தளங்கள், இங்கே உள்ளூர் மக்களே பெரிய அளவில் தொழில் நடத்தி, கடல்கடந்த வணிகத்தில் பங்குகொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. என் தமிழ் மாணவர்கள் அந்தக் கோயில் அடித்தளத்தின் முன் நின்று ‘நம்ம ஆளுங்க கட்டியது’ என்று பெருமைப்படும்போது, அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச விரும்புவதில்லை. ஆனால் சிம்பாப்வேயின் கதையை அவர்களுக்குச் சொல்லியிருந்தால், ‘இந்த மண்ணின் மக்கள் என்ன செய்தார்கள்?’ என்ற கேள்வியும் சேர்ந்தே எழும். காலவரிசைப் பாடத்தில் சிம்பாப்வேக்கும் இடமில்லை, மெர்போக்குக்கும் இடமில்லை. ‘இந்தியச் செல்வாக்கு’ என்ற இரண்டு சொல்லோடு அது தென்கிழக்காசியாவைக் கடந்துவிடுகிறது.

அந்த வழியை முழுவதும் கைவிடவும் எனக்கு மனமில்லை. கால உணர்வைக் கொடுக்க வேறோர் உத்தி இருக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்கு 1025 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டு, உலகத்தைக் குறுக்காக வெட்டிப் பார்க்கலாம். இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்த ஆண்டு அது. கடாரம் என்பது எங்கள் கெடா. சோழ மண்ணின் நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரம் அப்போது நின்றுகொண்டிருந்தது. அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்திருந்தான். நட்பும் படையெடுப்பும் ஒரே தலைமுறைக்குள் நடந்திருக்கின்றன. சோழத் தூதர்கள் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1015-இல், சீனத்தின் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்தச் சீனத்தின் சிச்சுவான் பகுதியில் அரசே தாள் பணத்தை வெளியிடத் தொடங்கி ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஜப்பானிய அரண்மனையில் முரசாகி ஷிகிபு என்ற பெண் நெடிய உரைநடைக் கதை ஒன்றைச் சற்று முன்புதான் எழுதியிருந்தார். பாரசீகத்தில் இப்னு சீனா மருத்துவம் எழுதிக்கொண்டிருந்தார். கனடாவின் கிழக்குக் கரையில் நார்ஸ் மாலுமிகள் இரும்புக் கருவியால் மரம் வெட்டிய ஆண்டு 1021 என்று மரத்தின் வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். ஓர் ஆண்டைச் சுற்றி இத்தனையையும் ஒரே சுவர்ப் படத்தில் குறித்துவிட்டால், 14 வாரக் காலவரிசை கொடுக்காத கால உணர்வை 2 வாரத்தில் கொடுத்துவிடலாம் என்று நம்புகிறேன். கெடாவிலிருந்து தொடங்குவதால் மாணவர் தன் ஊரையும் அந்தப் படத்தில் பார்ப்பார்.

இனி இரண்டாவது வழி. பொருள்வாரியாக ஒப்பிடும் பாடம் வகுப்பைக் கலகலப்பாக்கிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டேன். அதில் ஆகச் சிறந்த வாரம் உறவுமுறை வாரம். கரும்பலகையில் அப்பா, அம்மா, அவர்களுடைய உடன்பிறந்தவர்கள் என்று கோடு போட்டு, யாரை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு தமிழ்ப் பெண், அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள் எனக்கு அண்ணன் தம்பி, ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி மாமா, அவர் மகன் முறைப்பையன் என்றாள். பக்கத்தில் இருந்த சீன மாணவி திகைத்துப்போனாள். அவர்களுக்கு ஒரே குடும்பப் பெயர் கொண்ட தந்தைவழிப் பிள்ளைகள் ஒரு வகை. மற்ற எல்லாரும் இன்னொரு வகை. மாமன் மகனும் பெரியம்மா மகனும் அவளுக்கு ஒரே சொல்லில் அடங்குவார்கள். மலாய் மாணவர் எழுந்து, எங்களுக்கு அப்பா வழியா அம்மா வழியா என்பது பெயரில் தெரியாது; மூத்தவர் பாக் லோங், நடுவில் உள்ளவர் பாக் ஙா, கடைசி பாக் சு, பிறந்த வரிசைதான் பெயர் என்றார். மணமுறை, குடிப்பெயர், பிறப்பு வரிசை என்று மூன்று அடிப்படைகள் அரை மணி நேரத்தில் கரும்பலகைக்கு வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவரையொருவர் இதைக் கேட்டதே இல்லை.

அதே வாரத்தில்தான் இந்த வழியின் ஆபத்தையும் காட்ட முடிந்தது. அமெரிக்காவின் நியூ யார்க் மாநிலத்தில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன், அங்கிருந்த செனெகா பழங்குடியினரின் உறவுச் சொற்களைத் தொகுத்தபோது, அப்பாவின் சகோதரரை அவர்களும் அப்பா என்றே அழைப்பதையும், அம்மாவின் சகோதரி அம்மாவே என்பதையும், அம்மாவின் சகோதரருக்கும் அப்பாவின் சகோதரிக்கும் தனிச்சொல் இருப்பதையும் கண்டார். பிறகு தமிழ் உறவுச் சொற்கள் அவர் கைக்கு வந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அச்சு. 1871-இல் வெளியான தம் ஆய்வில், அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாக வைத்தார். இதைச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் மார்கனின் முடிவு நிற்கவில்லை. செனெகா மக்களிடம் மாமன் மகளை மணக்கும் முறை இல்லை. சொல்லமைப்பு ஒன்றுபோல் இருந்தும் அதன் பின்னால் உள்ள வாழ்க்கை வேறு. தொடர்பே இல்லாத மக்களிடமும் அத்தகைய அமைப்பு தனித்தனியே தோன்ற முடியும். பொருள்வாரிப் பாடம் இந்தத் தவற்றை நோக்கியே மாணவரைத் தள்ளுகிறது. ஒரே தலைப்பின் கீழ் பத்துப் பண்பாடுகளை வரிசையாக வைத்தவுடன், அவை ஒரே கேள்விக்கான பத்து விடைகள் என்று தோன்றிவிடுகிறது.

சாவு பற்றிய வாரத்தில் அதுதான் நடந்தது. கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை நிரப்பச் சொல்லியிருந்தேன். இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் வாழும் தொராஜா மக்களுக்கு நேராகப் பெரும்பாலோர் எழுதியது, ‘பிணத்தை வீட்டிலேயே வைத்திருப்பார்கள்’ என்ற ஒரு வரி. தொராஜாவில் ஈமச்சடங்கு முடியும்வரை அவர் இறந்தவர் அல்லர், நோயாளி. உணவு கொண்டுபோய் வைப்பார்கள், பேசுவார்கள். உறவெல்லாம் கூடி எருமைகள் சேர்ந்த பிறகுதான் அவர் போகிறார். எழுதிய மாணவர்களில் ஒருவர், தம் பாட்டியின் பதினாறாம் நாள் கருமாதிக்காக அதே மாதத்தில் விடுப்பு எடுத்திருந்தார். பாட்டி உட்காரும் நாற்காலியில் அந்தப் பதினாறு நாளும் யாரும் உட்காரவில்லை என்று பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நாற்காலியும் தொராஜா வீடும் அவர் மனத்தில் சந்தித்துக்கொள்ளவே இல்லை. அட்டவணைதான் அதைத் தடுத்தது என்று நினைக்கிறேன். உணவு நாள், உடை நாள் என்று விழா எடுத்துப் பண்பாட்டைக் காட்டும் முறையும் இந்த வழியின் ஒரு கிளைதான். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பாடத்துக்குப் பயன் குறைவு.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். மூன்று பண்பாடுகளை எடுத்துக்கொண்டால் எந்த மூன்று என்ற கேள்வி உடனே எழும். மலாய், சீன, இந்திய நாகரிகங்களைப் பற்றிக் கட்டாயப் பொதுப்பாடங்களிலேயே படிக்கிறார்கள் என்பதால் அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. என் பரிந்துரை, தோட்டத்து மாணவரின் கைக்கு எட்டும் பொருள்களிலிருந்து புறப்பட்டு மூன்று இடங்களுக்குப் போவது: வாடையிலிருந்து ஜஹாய் மக்களுக்கு, செம்பனையிலிருந்து யொருபா மக்களுக்கு, பால்மரப் பந்திலிருந்து நடு அமெரிக்காவுக்கு.

ஜஹாய் மக்கள் பேராக், கிளந்தான் காட்டுப் பகுதிகளில் வாழும் பூர்வகுடியினர். நிறங்களுக்கு நாம் பெயர் சொல்வதைப்போல அவர்கள் வாடைகளுக்குப் பெயர் சொல்கிறார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பொருளின் பெயரைச் சொல்லாமல் வாடையை மட்டும் குறிக்கும் சொற்கள் ஒரு டஜன் அளவுக்கு அவர்கள் மொழியில் உண்டு. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் மூன்றிலும் உள்ள மூக்கைத் தாக்கும் தன்மைக்கு ஒரே சொல். ஆய்வில் வாடைகளை முகரக் கொடுத்தபோது, ஆங்கிலம் பேசுவோர் ஆளுக்கொன்றாகத் தடுமாறி விவரிக்க, ஜஹாய் மக்கள் சட்டென்று ஒரே சொல்லைச் சொன்னார்கள். நான் சோதித்துப் பார்த்த நான்கு வாரங்கள் இந்தப் பகுதிதான். ஒட்டுப்பால் ஒரு துண்டு, கருவாடு, மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு ஆகியவற்றை மூடிய டப்பாக்களில் சுற்றுக்கு விட்டேன். ஒட்டுப்பாலுக்கு ‘ரப்பர் ஆலை வாடை’ என்பதற்கு மேல் யாராலும் போக முடியவில்லை. பிறகு ஒரு மாணவர் நெடி என்றார், இன்னொருவர் வீச்சம் என்றார், கவுச்சி, மொச்சை என்று சொற்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. தமிழிலும் பொருள் சாராத வாடைச் சொற்கள் இருக்கின்றன, பாட்டிமார் அவற்றை இன்னும் பிசகாமல் பயன்படுத்துகிறார்கள் என்று வகுப்பே கண்டுபிடித்தது. ஜஹாய் மக்களில் பலர் இன்று காட்டை விட்டு மறுகுடியமர்வுக் கிராமங்களில் வாழ்கிறார்கள் என்ற செய்திக்கு மூன்றாம் வாரம் வந்தபோது, தோட்டம் விற்கப்பட்டு வீடு காலி செய்த குடும்பத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. சொல் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டார். காடு இல்லாமல் வாடை இல்லை, வாடை இல்லாமல் அந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்வார்கள் என்பது அவர் கவலை.

செம்பனை இந்த மண்ணின் மரம் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் நடப்பட்டது. பூவைச் சேர்க்கும் பூச்சி கூட வரவில்லை என்பதால், கையால் மகரந்தம் தூவும் வேலைக்குத் தோட்டங்களில் ஆள் போட வேண்டியிருந்தது. 1981-இல் கேமரூனின் சிறு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை நின்றது. மரமும் வண்டும் வந்தன. அந்த மரத்தோடு வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரு வரியும் எங்களுக்கு வந்து சேரவில்லை. நைஜீரியாவின் யொருபா மக்களிடம் இஃபா என்ற குறி கேட்கும் மரபு இருக்கிறது. குறி சொல்பவர் 16 செம்பனைக் கொட்டைகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் ஒரே பிடியில் அள்ளுவார். ஒன்று மிஞ்சினால் பொடி தூவிய பலகையில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. எட்டு முறை சரியாக அமைந்தால் ஓர் உருவம் கிடைக்கும். அப்படி 256 உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்களை அவர் ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்திருப்பார். அவர் பாடப்பாடக் கேட்கும் நபரே தன் நிலைமைக்குப் பொருந்தும் பாடலைத் தேர்ந்துகொள்வார். எங்கள் பிள்ளைகள் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பதை அறிவார்கள். சீனக் கோயிலில் மூங்கில் குச்சிகளைக் குலுக்குவதையும் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினால் எங்கே வேறுபடுகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பூக்கட்டிப் பார்க்கும்போது ஆம், இல்லை என்ற ஒரு விடைக்குக் காத்திருக்கிறோம். இஃபாவில் ஒரு பெரிய வாய்மொழி இலக்கியத்தின் கதவு திறக்கிறது. எழுத்தில்லாத சமூகத்துக்கு நூலகம் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

பந்தைப் பற்றி. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, வெட்டுத் தடத்தில் காய்ந்து கிடக்கும் பால் நாடாவை உரித்து உருட்டி, உருட்டியதன்மேல் மறுபடி சுற்றிப் பந்து செய்வோம். மெக்சிகோவின் எல் மனத்தி என்ற இடத்தில் சேற்றில் கிடைத்த இரப்பர் பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தவை. அந்த மரம் நம் பால்மரம் அன்று, வேறோர் இனம். அதன் பாலில் ஒரு கொடியின் சாற்றைச் சேர்த்து அது துள்ளும்படி செய்தார்கள். இரப்பரைக் கந்தகத்தால் பக்குவப்படுத்தும் முறையை அமெரிக்கர் ஒருவர் 1839-இல் கண்டதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தொழில்நுட்பம் இது. அந்தப் பந்தை இடுப்பால் அடித்து ஆடிய ஆட்டமும், அதற்கெனக் கட்டிய கல் ஆடுகளங்களும் மாயா மக்களின் சமயத்தோடும் அரசோடும் பின்னிக் கிடந்தன. நான்கு வாரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இந்த வழியில் இழப்பது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரேக்கம் இல்லை. இஸ்லாமிய நாகரிகத்தின் பெரும்பகுதி இல்லை. ஐரோப்பிய மறுமலர்ச்சி இல்லை. ஒரு கல்லூரிப் படிப்பில் இவை எங்கேயாவது வந்தாக வேண்டும் என்று கேட்கும் பெற்றோரின் கேள்வி நியாயமானது. இரண்டாம் ஆண்டில் வேறு பாடம் அதை ஈடுசெய்யும் என்ற உறுதி இல்லாத கல்லூரி இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஆசிரியர். யொருபா மக்களைப் பற்றி நான்கு வாரம் பேச வேண்டுமானால் ஆசிரியர் நான்கு மாதமாவது படித்திருக்க வேண்டும். அரைகுறையாகப் படித்துவிட்டு நடத்தினால், காலவரிசைப் பாடத்தின் மேலோட்டத்தைவிட அது கேடானது. ஒரு முழு மக்கள் கூட்டத்தையே நான்கு வாரம் தவறாகக் கற்பித்துவிடுவோம். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் கல்லூரியிலும், நூறு மாணவருக்கு ஒரே விரிவுரையாளர் இருக்கும் கல்லூரியிலும், காலவரிசைப் பாடமே பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்வேன். வகுப்பில் 25 பேருக்குக் குறைவாக இருந்து, அவர்கள் பல இனத்தவராகவும் இருந்து, ஆனால் நூலகம் வறியதாக இருந்தால், பொருள்வாரிப் பாடம் நல்ல தேர்வு. அங்கே மாணவர்களே நூலகம். அட்டவணைகளை மட்டும் விட்டுவிட வேண்டும்.

எங்கள் கல்லூரியில் வகுப்புக்கு 30 பேர் வரை இருக்கிறார்கள். இந்தப் பாடத்தை இருவர் பல ஆண்டுகளாக நடத்துகிறோம், இருவரும் இருக்கப்போகிறோம். மெர்போக் பக்கத்தில் இருக்கிறது. எனவே நான் கூட்டத்தில் வைக்கப்போகும் திட்டம் இது: முதல் 2 வாரம் 1025-ஆம் ஆண்டு, அதில் ஒரு நாள் மெர்போக் பயணம், பிறகு ஜஹாய், யொருபா, நடு அமெரிக்கா ஒவ்வொன்றும் 4 வாரம். உறவுமுறை வாரத்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை என்பதால், அதை ஜஹாய் பகுதியின் முதல் வாரத்துக்குள் கொண்டுவருகிறேன்; பிறரிடம் எப்படிக் கேட்பது என்பதை மாணவர்கள் அங்கே ஒருவரையொருவர் கேட்டுப் பழகிக்கொள்வார்கள். இறுதித் தேர்வுக்குப் பதிலாக, தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் அவர் ஊர் வழக்கம் ஒன்றைக் கேட்டு எழுதி, எழுதியதை அவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, அவர் திருத்தியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நேப்பாளியர் தசைன் பண்டிகையில் நெற்றியில் அரிசியும் தயிரும் குழைத்து வைக்கும் திலகத்தைப் பற்றி எழுத ஒரு மாணவி இப்போதே ஆள் பார்த்துவிட்டாள்.

யொருபா பகுதியை என் சக ஆசிரியர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் படிக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. சென்ற வாரம் தோட்டத்துச் சாலையில் லாரியிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கிக் காயவைத்து, பதினாறு கொட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். இஃபாவுக்கு எல்லாக் கொட்டையும் ஆகாது, அதற்கென்று தனி வகை உண்டு என்பதை அதற்குள் படித்துவிட்டிருந்தார். வகுப்பில் முதலில் சொல்லப்போவதும் அதைத்தான் என்றார். ஒரே பிடியில் அள்ளிப் பார்த்தோம். என் கையில் ஐந்து மிஞ்சியது, அவர் கையில் மூன்று.